கலர் ஊற்றுகிற நிரஞ்சனி

நாலாவது பட்டையையும் சுவரில் ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டு, நிரஞ்சனி இரண்டடி பின்னால் வந்து பார்க்கிறாள். சாமிப் படத்துக்குக் கீழே, டிவிக்குப் பக்கத்தில், வரிசையாக நான்கு வெள்ளைப் பட்டைகள். பெண்கள் மாதாமாதம் கடையில் பழைய பேப்பரில் சுற்றி வாங்கிவருகிற அதே பட்டைகள்தான். வீட்டுக்காரருக்கு முற்றத்தில் ஏதோ அவசர வேலை திடீரென்று நினைவுக்கு வருகிறது.

"ஐயா, எங்க ஓடுறீங்க? செவுத்து ஈரத்த உறிஞ்ச இத விட்டா வேற சாமான் இல்ல. பின்னாலயே பசையும் வச்சிருக்கான். நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

ஐயா திரும்பிப் பார்ப்பதில்லை. மாத்தளை மாவட்டத்தில் கழிவுநீர் சுவரில் இறங்குவதைப் பொறுத்துக்கொள்கிற ஆண்கள் நிறைய இருக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் குறைவு.

பட்டைகள் இரண்டாவது கட்டம். அதற்கு முன்பே அவள் கக்கூசுக்குள் போய் வந்திருப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு சின்னப் போத்தல்கள் வைத்திருக்கிறாள். ஒன்றில் பச்சை, மற்றதில் சிவப்பு. கொமட்டில் பச்சையை ஊற்றுவாள், குளிக்கிற தரையின் ஓட்டையில் சிவப்பை ஊற்றுவாள். பிறகு காத்திருப்பாள். ஈரச் சுவரில் எந்த நிறம் எட்டிப் பார்க்கிறதோ, ஒழுகுவது அந்தக் குழாய். நிறம் மெலிந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் வந்தாலும் தப்ப முடியாது. அவளிடம் ஊதா வெளிச்சம் அடிக்கிற டோச் ஒன்று இருக்கிறது. அதை அடித்தால் அவளுடைய சாயம் மட்டும் பூச்சியின் வயிறு மாதிரி ஒளிரும். துணிக்குப் போடுகிற சாதாரணச் சாயம் அப்படி ஒளிராது.

நாற்பத்து மூன்று வயது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை கூட்டுகிற வேலைக்குப் போனாள். அங்கே குழாய் பார்க்கிற பாஸ் ஒருவருக்கு டோச் பிடித்துப் பிடித்தே தொழிலைப் படித்துக்கொண்டாள். கொரோனாவில் ஹோட்டலை மூடியபோது மற்றவர்கள் போர்வையும் தலையணை உறையும் எடுத்துப் போனார்கள். அவள் ஸ்டோரில் யாரும் சீண்டாமல் கிடந்த சாயப் பொடி டப்பாக்களையும் டோச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டவர்கள் இப்போது அவளுடைய போன் நம்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கேட்டு வாங்கிய டோச் இடது கையில் இருக்கும். வலது கை நகங்களுக்குள் எப்போதும் ஒரு மஞ்சள் கலந்த பச்சை. எத்தனை தேய்த்தாலும் போவதில்லை. அதனால் பந்தியில் கூட அவள் கரண்டியால்தான் சாப்பிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஹோட்டலில் வேலை செய்த பவுசு என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்துவதில்லை. கக்கூசு விஷயம் என்று சொல்வதைவிட பவுசு என்று இருப்பது சாப்பிடுகிற இடத்துக்கு மரியாதை.

போனில் அவள் வாடிக்கையாளர்களின் பெயரைப் போடுவதில்லை. "பச்ச கலேவெல", "செகப்பு உக்குவெல", "ரெண்டும் வில்கமுவ" என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள். வில்கமுவக்காரருக்கு மட்டும் இந்தச் சங்கதி தெரிய வந்தால் மனம் நொந்து போவார். அந்த வீட்டில் இரண்டு குழாயும் ஒழுகியது.

இந்தத் தொழிலில் அவளுக்கு விளங்காத ஒரு விஷயம் உண்டு. இத்தனை வருஷத்தில் தன் வீடு ஒழுகுகிறது என்று அவளைக் கூப்பிட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் பக்கத்து வீடு ஒழுகுகிறது என்றே கூப்பிடுகிறார்கள். "எங்க வீட்ல ஒண்ணுமில்ல. அங்க போய் ஊத்துங்க" என்று கைகாட்டிவிட்டு, சோதனை அவர்கள் வீட்டிலேயே முடிந்துவிட்டது போல நிம்மதியாக டீ ஊற்றப் போய்விடுகிறார்கள்.

கைகாட்டப்பட்ட வீட்டின் கஷ்டம் வேறு. நிறம் ஊற்றிவிட்டால் அந்தக் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவரும் குளிப்பதில்லை. கொமட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. வீட்டுத் தலைவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வருகிறார். தண்ணீர் ஓடாவிட்டால் சாயம் எப்படி நகரும்?

"கலர் ஊத்துனதும் எல்லாருக்கும் வயிறு கட்டிக்குது. பத்து மணிக்கு ஊத்துனேன். நாலு மணி வரைக்கும் ஒரு சொட்டுச் சத்தம் இல்ல. செத்த வீட்லகூட இதவிடக் கூடுதலா தண்ணி ஓடும்."

ஆகவே அவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேட்பாள்: "பக்கத்துல விசேசம் ஏதாவது வருதா?" கலேவெலவில் ஒரு வீட்டில் பெண்ணுக்குச் சடங்கு வைத்த நாளில் ஊற்றினாள். எண்பது விருந்தாளிகள். மூன்றாம் பந்தி எழுந்து கை கழுவுவதற்குள் பக்கத்து வீட்டு மதிலில் பச்சை பூத்துவிட்டது. விருந்தாளிகளில் ஒருவருக்கும் தாங்கள் ஒரு விசாரணையில் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறோம் என்று தெரியாது.

பகல் நேரத்தில், ஆண்கள் கடைக்கோ வேலைக்கோ போயிருக்கிறபோது, குளியலறை வரைக்கும் போக ஒரு பெண் கிடைப்பது லேசில்லை. முஸ்லிம் வீடுகளில் அதனாலேயே அவளுக்கு வரவேற்பு அதிகம். அந்தக் கதவுகளை அவளுக்குத் திறந்து விட்டவர் றுக்ஸானா. மாத்தளை நகரில் இப்திகார் முதலாளியின் மனைவி. தன் உம்மா வீட்டு ஒழுக்கை நிரஞ்சனி ஒரே பகலில் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, மச்சி வீடு, சாச்சி வீடு, மதரசாவுக்குப் பக்கத்து வீடு என்று அவளுடைய நம்பரைத் தெருத் தெருவாகக் கொடுத்தவர். "அந்தத் தங்கச்சிட கலர் பொய் செல்லாது" என்பது றுக்ஸானா கொடுத்த சான்றிதழ். 'சொல்லாது' என்பது அவருடைய பேச்சில் 'செல்லாது'. பதினொரு வீடுகள் அந்த ஒரு வாக்கியத்தில் வந்தவை.

பன்னிரண்டாவது வேலை றுக்ஸானாவின் சொந்த வீட்டில் வந்தது. கூப்பிட்டது றுக்ஸானா அல்ல.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய படிக்கட்டுத் தெரு அது. மேல்வீடு றுக்ஸானாவுடையது. அதன் முற்றத்து மண்ணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது கீழ்வீடு. அங்கே ராசம்மாவும் அவருடைய மருமகள் சுதர்சினியும் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் இருபது வருஷப் பழக்கம். சென்ற ஜனவரியில், மழை விட்ட பிறகும், ராசம்மாவின் பின்னறைச் சுவர் காயவில்லை. வாடையும் வந்தது.

"மேல ஊத்திப் பாரு புள்ள," என்றார் ராசம்மா. "எங்க பாத்ரூம்ல ஒண்ணுமில்ல. என் மருமக கண்ணாடி மாதிரி வச்சிருக்கா."

இரண்டு வீட்டிலும் ஊற்றிப் பார்ப்பதுதான் நிரஞ்சனியின் முறை. அன்றைக்கு அவள் அப்படிச் செய்யவில்லை. ராசம்மாவின் குளியலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி மாதிரி என்று சொன்ன பிறகு எப்படிப் பார்ப்பது? படியேறிப் போனாள். றுக்ஸானா தானே வந்து குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஊத்து தங்கச்சி. எங்கட ஊட்டுலயா இருந்தா நாங்களே ஒடச்சிச் செய்றோம். அதுக்கென்ன."

ஊற்றினாள். மறுநாள் காலையில் ராசம்மாவின் சுவரில் பச்சை. மெலிந்த பச்சை அல்ல. கிளிப்பச்சை. ராசம்மா போட்ட சத்தத்துக்குப் படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நிரஞ்சனி படியில் நின்று, மேலே கையைக் காட்டி, "மேல்வீடுதான்" என்றாள். டோச் பைக்குள் இருந்தது. பட்டப்பகலில் பளிச்சென்று தெரிகிற பச்சைக்கு டோச் எதற்கு? அதைப் போனில் படம் மட்டும் பிடித்துக்கொண்டாள். தெளிவான படம். புது வாடிக்கையாளர்கள் தயங்கினால் அவள் எடுத்துக் காட்டுவது அந்தப் படத்தைத்தான். "பாருங்க, இப்புடித்தான் வரும்."

றுக்ஸானா சொன்ன சொல் தவறவில்லை. முந்தின வருஷம் இப்திகார் குருநாகலில் தேடிப் பிடித்து வாங்கிப் பதித்த டைல்ஸை உடைத்தார்கள். பழைய குழாயை மண்ணோடு அடைத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். அதை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம் என்று றுக்ஸானா மேசனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படிக்கட்டின் ஓரத்தோடு, எல்லோரும் பார்க்கிற மாதிரி, வெள்ளை வெளேரென்று அது கீழே இறங்குகிறது. ஒரு குடும்பத்தின் கழிவுக் குழாயைத் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நடக்கிறது என்றால் அந்தக் குடும்பம் எவ்வளவு வெறுத்துப் போயிருக்க வேண்டும்.

நோன்பு வந்தது. வருஷா வருஷம் மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்குக் கஞ்சி இறங்கும். இந்த வருஷமும் இறங்கியது. ராசம்மா மூடியைக்கூடத் திறக்காமல் சட்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லி அனுப்பியதாகக் கேள்வி. வயிறு யாருடையது, எதை நினைத்துச் சரியில்லாமல் போனது என்பதெல்லாம் தெருவுக்கு விளங்கியது.

சுவர் மட்டும் காயவில்லை. மார்ச்சில் ராசம்மா போன் செய்தபோது, "ஊறினது காய நாளாகும்கா" என்றாள் நிரஞ்சனி. ஏப்ரலிலும் அதையே சொன்னாள். மே மாதம் போனை எடுக்கவில்லை. ஜூனில் ஒரு வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், ஸ்கூட்டியைப் படிக்கட்டின் அடியில் நிறுத்திவிட்டு வந்தாள்.

"பாத்தியா? அப்புடியே இருக்கு," என்று ராசம்மா அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். "மேல புதுசா போட்ட பைப்பும் ஓட்டையாத்தான் இருக்கும். திருப்பி ஊத்து. இந்தத் தடவ நல்லா ஊத்து."

சுவரை மறைத்து அலுமாரி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். நிரஞ்சனி குனிந்து பார்த்தாள். அப்புறம் நிமிரவில்லை.

"யாருக்கா இதுல கலர் ஊத்துனது?"

"நீதானே ஊத்தணும்? அதுக்குத்தானே வரச் சொன்னேன்."

"நான் இன்னும் போத்தலையே தொறக்கல."

சுவரின் அடியில், ஒரு சாண் உயரத்துக்கு, நாவற்பழ நிறம். அவளுடைய பெட்டியில் பச்சை உண்டு, சிவப்பு உண்டு. நாவற்பழ நிறம் அவள் வாழ்க்கையிலேயே வைத்திருந்ததில்லை. டோச்சை எடுத்தாள். ஊதா வெளிச்சத்தை நேரே அதன்மேல் அடித்தாள். ஒன்றும் ஒளிரவில்லை. ஈரச் சீமெந்து ஈரச் சீமெந்தாகவே இருந்தது.

"சுதர்சினி எங்கக்கா?"

"பாத்ரூம்ல. துணி அலசுறா. திங்கக்கெழம குடுக்கணும்னு ரெண்டு நாளா அதே வேலதான்."

கண்ணாடி மாதிரி இருப்பதாகச் சொன்ன குளியலறை குசினிக்குப் பின்னால், அதே சுவரின் மறு அந்தத்தில் இருந்தது. சுதர்சினி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை நாவற்பழ நிறத்தோடு, ஒரு சேலையை வாளியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கொல்லைக் கொடியில் எட்டுச் சேலை தொங்கின. எல்லாம் ஒரே நிறம். எல்லாவற்றிலும் வெள்ளை அன்னங்கள்.

ஊரில் பத்திக் சேலை செய்கிற கடைகளுக்குக் குறைவில்லை. மெழுகால் கோலம் எழுதிச் சாயத்தில் முக்கிய துணியை, மெழுகு போக அவித்து அலசிக் கொடுக்கிற கடைசி வேலையைச் சில கடைகள் வீடுகளுக்குக் கொடுத்துவிடுகின்றன. சுதர்சினி இரண்டு வருஷமாக அதைச் செய்கிறாள். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"வாங்கக்கா. டீ குடிச்சீங்களா?" என்றாள் சுதர்சினி, சேலையைப் பிழிந்துகொண்டே.

நிரஞ்சனி தரையில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்குகிற ஓட்டையின் சல்லடையைத் தூக்கினாள். குசினியில் கிடந்த கரண்டி ஒன்றின் காம்பை உள்ளே விட்டு நெம்பினாள். மெழுகுவர்த்தி மாதிரி ஒரு கட்டி வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது, உள்ளங்கை அகலம். அவித்த தண்ணீரோடு போன மெழுகெல்லாம் குழாய்க்குள் ஆறி உறைந்து, வழியை அடைத்து, பின்னால் வந்த தண்ணீரைக் குழாயின் பொருத்து வழியாகச் சுவருக்குள் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். படை படையாக இருந்தது. மேலே நாவல். அதற்குக் கீழே மஞ்சள். அதற்குக் கீழே ஒரு மண் சிவப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் கிளிப்பச்சை.

"சுதர்சினி, இந்தப் பச்ச எப்ப?"

"அதுவாக்கா? ஜனவரியில. கொழும்புல ஒரு ஸ்கூல் டீச்சர்மாருக்கு. நாப்பது சாரி. கை பச்சையா இருந்துச்சு ஒரு மாசம்."

"நான் மேல ஊத்துன அன்னைக்கு?"

"அன்னைக்கும் மறுநாளும் அலசிக்கிட்டுதான் இருந்தேன். மறுநாள் வெளிய ஒரே சத்தமா இருந்துச்சு. என்னான்னு எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா."

 நிரஞ்சனி தன் முறையை இந்தத் தடவை விட்டுவிடவில்லை. மீதி மெழுகை நோண்டாமல் அப்படியே விட்டு, பச்சைப் போத்தலைத் திறந்து ஓட்டையில் ஊற்றினாள். சுதர்சினியை நான்கு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். பின்னறைச் சுவரில் பட்டைகளை ஒட்டினாள். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம். டோச்சை அடித்தாள். நான்கு பட்டையும் ஒளிர்ந்தன.

ராசம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"இது புதுசுன்னு சொல்லிரு புள்ள."

"என்னாக்கா?"

"புது லீக்கு. போன மாசந்தான் வந்துச்சுன்னு. அப்ப மேல்வீட்டுது, இப்ப எங்களுது. மேல இருந்த பழைய பைப்பெல்லாம் ஒடச்சு மூடியாச்சே. யாரு தோண்டிப் பாக்கப் போறா? உனக்கும் பேரு கெடாது. எனக்கும் அந்தப் படியில ஏறி எறங்க ஒரு மூஞ்சி வேணாமா?"

நிரஞ்சனிக்கு முதலில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராசம்மா சொன்னது அத்தனை சரியாக இருந்தது. உடைத்த டைல்ஸ் போய்விட்டது. பழைய குழாய் மண்ணுக்குள். ஜனவரிப் பச்சை யாருடையது என்று சொல்லக்கூடிய சாட்சி, அவள் கையில் இருந்த மெழுகுக் கட்டி ஒன்றுதான். கொல்லைப்புறத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மெழுகு எரிய எவ்வளவு நேரம்?

தவறை ஒத்துக்கொண்டால் றுக்ஸானா கொடுத்த சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் பதினொரு வீடும் போகும், அந்த வீடுகள் கைகாட்டுகிற வீடுகளும் போகும். கலர் ஊற்றுகிறவளிடம் விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது? தண்ணீரும் அவர்களுடையது, குழாயும் அவர்களுடையது. சொல் ஒன்றுதான் அவளுடையது. அந்தச் சொல்லைத் தவறு என்று அவளே சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவை எந்தக் கையால் தட்டுவது?

டீ வந்தது. ஆறியது. அவள் கட்டியைப் பெட்டிக்குள் போத்தல்களுக்கு நடுவே வைத்து மூடினாள். எழுந்தாள். மேல்வீட்டுக்கு இருபத்திரண்டு படி. வழக்கமாக இரண்டு இரண்டாக ஏறுகிறவள். அன்றைக்கு ஒன்று ஒன்றாக ஏறினாள். பதினாறாவது படியில் ஸ்கூட்டியின் சாவி பைக்குள் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. அது இருப்பது அவளுக்கு முன்பே தெரியும்.

"வா தங்கச்சி," என்றார் றுக்ஸானா. முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. "என்ன, திரும்ப எங்கட ஊட்டுல ஊத்தணுமா? ஊத்து. கதவு தொறந்துதான் ஈக்கி."

குளியலறைக்குள் நிரஞ்சனி எட்டிப் பார்த்தாள். டைல்ஸ் இருந்த இடத்தில் வெறும் சீமெந்துத் தரை. வாளிகள் ஆறு, வரிசையாக நிரம்பியிருந்தன. குழாயின் வாயில் ஒரு நீளத் துணியைச் சுற்றிக் கட்டி, அதன் நுனியை வாளிக்குள் விட்டிருந்தார்கள். தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னா ராத்தா?"

"தண்ணி விழுற சத்தம் கீழ கேக்கும்தானே. கேட்டா ஒடனே படியில நிண்டு செல்லுவாங்க, இந்தா ஊத்துறாங்க, இந்தா எங்க செவுரு நனையுதுண்டு. செவுரும் காயல்லதானே, நாங்க என்னத்தச் செல்ல? அஞ்சு மாசமாச்சு. இப்ப புள்ளைகளுக்கும் பழகிட்டு. சின்னவள் கோப்பையால அள்ளி அள்ளி மெதுவாத்தான் ஊத்துவாள்."

நிரஞ்சனி பெட்டியைத் திறந்தாள். மெழுகுக் கட்டியை எடுத்து, பச்சை இருக்கிற பக்கத்தை மேலே திருப்பி, சீமெந்துத் தரையில் வைத்தாள். சொன்னாள். இடையில் நிறுத்தவில்லை. சுதர்சினியின் நாற்பது சேலையைச் சொன்னாள். கீழ்வீட்டில் ஊற்றிப் பார்க்காததைச் சொன்னாள். டோச் அடிக்காததைச் சொன்னாள்.

றுக்ஸானா குனிந்து கட்டியைப் பார்த்தார்.

"அந்த லைட்டு அன்னைக்கு உன்ட பேக்குலயா இருந்திச்சு?"

"ஆமா ராத்தா."

"எடுத்து அடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு நிமிசம்."

"ம்."

வெளியே யாரோ படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. றுக்ஸானா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கஞ்சிச் சட்டிய மூடியோட திருப்பி அனுப்பினாங்களே, அப்பகூட நான் ராசம்மாக்காவ ஏசல்ல. அவங்க அருவருக்குறது சரிதானேண்டுதான் நெனச்சேன். எங்கட ஊட்டுத் தண்ணி அவங்கட செவுத்துல எறங்கினா அவங்க எப்புடித் திம்பாங்க? எங்கட புள்ளைகள்ட மூஞ்சிய எனக்கே பாக்க ஏலாமப் போச்சு." நிறுத்தினார். "எல்லாம் உன்ட வார்த்தய நம்பி."

"பிழ என்னுதுதான் ராத்தா."

"அத எங்கிட்ட மெதுவாச் செல்லிட்டுப் போனாக் காணுமா? அன்னைக்கு எங்க நிண்டு சென்ன?"

"படியில."

"எவ்வளவு பேரு?"

"ஏழெட்டுப் பேரு."

 நிரஞ்சனி கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். கீழே வேன் வந்து நின்றிருந்தது. தாய்மார் பிள்ளைகளின் பைகளை வாங்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் கூடியவர்களில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். நிரஞ்சனி நடுப்படியில் நின்றாள். ஏறி வந்தவர்களுக்கு வழி இல்லாமல் போனது. அவர்களும் நின்றார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க. ஜனவரியில இந்த எடத்துல நின்னுதான் மேல்வீடுன்னு சொன்னேன். அது பிழ. அன்னைக்கு வந்த பச்ச என்னோட கலரே இல்ல. கீழ்வீட்ல சாரி அலசின தண்ணி. மேல்வீட்ல இருந்து ஒரு சொட்டும் வரல. அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல."

 வேன்காரர் அம்ஹர் கீழே இருந்தபடி கேட்டார்: "என்னங்க, உங்கட கலர் பொய் செல்லாதுண்டுதானே கத?"

"கலர் ஒண்ணும் சொல்லல அம்ஹர் நானா. நான்தான் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். ஒரு பெண், "அப்ப எங்க வீட்ல சொன்னது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வரும் என்று நிரஞ்சனிக்குத் தெரியும். "நாளைக்கு வந்து திருப்பி ஊத்துறேன்" என்றாள். ராசம்மா தன் வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் சுதர்சினி, முழங்கை வரை நாவற்பழ நிறத்தோடு.

அப்போது மேலே குழாய் திறந்தது. துணியில்லாத குழாய். தண்ணீர் வாளியில் அறைகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு வாளி கவிழ்கிற சத்தம், இன்னொன்று, இன்னொன்று. படிக்கட்டின் ஓரத்துக் குழாய்க்குள் ஆற்று வெள்ளம் மாதிரி இரைச்சல் இறங்கி வந்தது. எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். நிரஞ்சனி குனிந்து, ராசம்மாவின் சுவரை ஒட்டி இருக்கிற பொருத்தை வலது உள்ளங்கையால் சுற்றிப் பிடித்தாள். இரைச்சல் அவள் கைக்குள் அதிர்ந்து போனது. தணிந்தது. நின்றது. விரல் இடுக்கில் ஒரு துளியும் இல்லை.

கையை எடுக்கப் போனாள். மேலே மறுபடியும் திறந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.